பவுலின் பன்னிரண்டாவது கரண்டி

போன கிழமை ஒரு பின்னேரம், சீனி போடாத தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, இதைக் குடிப்பதா அல்லது யன்னலோரம் இருக்கும் பூச்சாடிக்கு ஊற்றுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. மெட்டே என்ற இளம்பெண். முன்பு டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரத்தில் என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்த பவுலின் பேத்தி. பவுல் காலமாகிக் கனகாலம். அவருடைய மனைவி கிர்ஸ்டன் இந்தக் குளிர்காலத்தில் போய்விட்டார். வீட்டை ஒதுக்குகிறார்களாம். அலுமாரிக்குள் ஒரு பெட்டி கிடந்ததாம்.

பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினாள். நீல வெல்வெட் விரித்த பெட்டி. பன்னிரண்டு பள்ளம், பன்னிரண்டு கரண்டி. பதினொன்று வெள்ளி, துப்பாக்கி சுடுகிற சங்கமொன்றின் முத்திரை குத்தியது. பன்னிரண்டாவது பித்தளை. காம்பில் இரண்டு எழுத்துகள் புள்ளி புள்ளியாகக் கொத்தப்பட்டிருந்தன. இது உங்களுடைய மொழியின் எழுத்துத்தானே என்று கேட்டாள். பன்னிரண்டும் தாத்தா சுட்டு வென்ற பரிசுகள் என்றுதான் பாட்டி எப்போதும் சொல்வாராம். அப்படியென்றால் இந்தப் பித்தளைக் கரண்டியைத் தாத்தா எந்த நாட்டில், எந்தப் போட்டியில் வென்றார்?

இரவு எடுக்கிறேன் பிள்ளை என்று சொல்லி வைத்துவிட்டேன். யோசித்துச் சொல்ல வேண்டிய கேள்வி அது. ஏனென்றால் அந்தக் கரண்டியை யாரும் எந்தப் போட்டியிலும் வெல்லவில்லை. அது எங்கள் வீட்டுக் குசினியில் சீனிப் போத்தலுக்குள் கிடந்த கரண்டி. அது அந்தப் பெட்டிக்குள் போனதற்கு முழுக் காரணம் என்னுடைய கெட்டிக்காரத்தனம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நாங்கள் அகதிகளாக டென்மார்க்குக்கு வந்து கொஞ்சக் காலம்தான். தொழில் என்னவென்று கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகத்தில் கேட்டபோது நான் மெக்கானிக் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் யாழ்ப்பாணத்தில் ஒரு தையல் மெசின் கடையில் ஊசியும் நூல்கட்டையும் விற்றவன் நான். மெசின் திருத்துகிறவர் பக்கத்து மேசையில் இருந்தார். பக்கத்து மேசை என்பதால் அவருடைய வேலையில் அரைவாசி எனக்கும் தெரியும் என்று ஓர் எண்ணம். அந்த அரைவாசி மெக்கானிக்கை ரண்டர்ஸில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டார்கள். வார்த்தெடுத்த துண்டுகளின் பிசிறை அரத்தால் அராவி எடுப்பது வேலை. காலையில் தொடங்கினால் பின்னேரம் வரை அராவுவதுதான். என் பக்கத்தில் நின்று அராவியவர் பவுல்.

பவுலுக்கு என்னைவிட இருபது வயதாவது கூட இருக்கும். டேனிஷ் மொழியில் பெரியவர் சின்னவர் என்றில்லை, எல்லோரும் ஒருவரையொருவர் நீ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் தமிழில் எழுதும்போது பவுலை அவன் என்று எழுத எனக்குக் கை வராது. இன்னொன்று: அவர் பேசியதெல்லாம் டேனிஷ். என் நினைவில் அவர் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். அது ஏன் என்று எனக்கும் தெரியாது, நீங்களும் கேட்க வேண்டாம்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் துவக்குச் சுடுவது. அந்த நாட்டில் ஊருக்கு ஊர் அதற்கொரு சங்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் போவார்கள், அட்டையில் இருக்கும் வட்டத்தைச் சுடுவார்கள், கோப்பி குடிப்பார்கள், கேக் சாப்பிடுவார்கள், வீட்டுக்குப் போவார்கள். துவக்கு என்றால் சப்பாத்துச் சத்தமும் கதவு தட்டும் சத்தமும் என்று பழகிய எனக்கு, துவக்கோடு கேக் சாப்பிடுகிற ஆட்களை விளங்கிக்கொள்ளக் கனநாள் எடுத்தது. வென்றவர்களுக்குக் கொடுப்பது கிண்ணமும் இல்லை, பணமும் இல்லை. சின்ன வெள்ளிக் கரண்டி.

பவுலிடம் அப்படிப் பதினொரு கரண்டி சேர்ந்திருந்தது. எல்லாம் சங்கத்துத் துவக்கால் சுட்டு வென்றது. அதற்குப் பிறகுதான் இராணுவம் கழித்து விற்ற பழைய துவக்கொன்றை ஆசைப்பட்டு வாங்கினார். சங்கத்தின் ஆயுதங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஸ்வென் என்ற மெலிந்த மனிதர். அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இது வேலிக்குக் கதியாலாக நடத்தான் சரி என்ற கருத்தில் எல்லோருக்கும் முன்னால் ஏதோ சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பவுல் சங்கத்துத் துவக்கைத் தொடவில்லை. கரண்டியும் வரவில்லை.

அவசரம் என்னவென்றால், இலையுதிர் காலத்தில் பவுலுக்கும் கிர்ஸ்டனுக்கும் வெள்ளிக் கல்யாணம். கல்யாணமாகி இருபத்தைந்தாவது வருடம். டேனிஷ்காரர் தாலி கட்டுவதில்லையே தவிர, இந்த இருபத்தைந்தாவது வருடத்தைக் கொண்டாடுவதில் எங்கள் கல்யாண வீடுகள் பிச்சை வாங்க வேண்டும். அன்று கோப்பி மேசையில் தான் வென்ற பன்னிரண்டு கரண்டிகளையும் வைப்பேன் என்று பவுல் முன்பே மனைவிக்கு வாக்குக் கொடுத்து, அதற்கென்று பெட்டியும் செய்வித்து வைத்திருந்தார். பதினொன்று நிறைந்து ஒரு பள்ளம் வெறுமையாக இருந்த அந்தப் பெட்டியை ஒருநாள் எனக்குத் திறந்து காட்டினார். காட்டும்போது சிரிக்கவில்லை. வெள்ளிக் கல்யாணத்துக்கு முன் இன்னும் ஒரே ஒரு போட்டிதான் இருந்தது.

குறை துவக்கின் விசையில் என்றார். இழுத்தால் கொஞ்சம் வரும், பிறகு கரகரவென்று நிற்கும், இன்னும் இழுத்தால் திடீரென்று விடும். அதற்குள் குறி போய்விடும். சோற்றில் கல் கடிபட்ட மாதிரி என்று எனக்குள் மொழிபெயர்த்துக்கொண்டேன். உள்ளே உரசுகிற இரண்டு இரும்பு முகங்களை மெருகேற்றினால் போதுமாம். ஆனால் அவருக்குக் கிட்ட இருக்கும் சாமான் மங்கலாகத் தெரியத் தொடங்கியிருந்தது. நான் மெக்கானிக் அல்லவா? இதெல்லாம் ஒரு வேலையா, தையல் மெசினுக்குள் இருப்பதும் இதே சாமான்தான் என்று சொல்லிவிட்டேன். தையல் மெசினுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்பதை அந்தக் கணத்தில் நானே மறந்துபோனேன்.

முதல் நாள் அவருடைய கொட்டிலுக்குள் போனபோது அடித்த எண்ணெய் வாசம் என்னை அப்படியே யாழ்ப்பாணத்துக் கடைக்குள் கொண்டுபோய் விட்டது. அதே தையல் மெசின் எண்ணெய் வாசம். சந்தோசமாக மூச்சை இழுத்துக்கொண்டு திரும்பினேன். பவுல் பூட்டிய அலுமாரியிலிருந்து துவக்கை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். என்னுடைய இரண்டு கைகளும் மேலே போய்விட்டன. நான் தூக்கவில்லை, அவையாகத்தான் போயின. பவுல் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். துவக்கை மேசையில் சுவர்ப் பக்கம் பார்க்க வைத்து, உள்ளிருந்த விசைப் பகுதியை மட்டும் கழற்றி என் உள்ளங்கையில் தந்தார்.

“இது துவக்கில்லை. வெறும் இரும்பு. நாங்கள் நாளும் பொழுதும் அராவுற இரும்பு.”

எனக்கு அன்று அழுகை வந்தது. அதை எண்ணெய் வாசத்தின் தலையில் போட்டேன். அம்மாவுக்கு எழுதும்போது, சனி ஞாயிறுகளில் தச்சுவேலை பழகுகிறேன் என்று எழுதினேன். துவக்கு என்ற சொல்லோடு ஒரு கடிதம் போனால் வீட்டுக்கு யார் யார் வருவார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் சேவியர் அண்ணையைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை நகராது. நானும் அவரும் நாலாம் மாடியில் ஒரு வீட்டில் ஒன்றாக இருந்தோம். மன்னார்க்காரர், வெதுப்பகமொன்றில் தட்டுக் கழுவுகிற வேலை. வேதப் புத்தகத்தில் வருகிற பெயர் என்பதற்காகவே, பார்க்காமலே பவுலை அவருக்குப் பிடித்துவிட்டது. அவர் தேநீருக்குச் சீனி போடுவதில்லை, சீனிக்குத் தேநீர் ஊற்றுவார். சீனியைப் போத்தலில் போட்டு, அதற்குள் தாயார் கொடுத்துவிட்ட பித்தளைக் கரண்டியை வைத்திருப்பார். எங்கள் ஆட்கள் சட்டி பானைக்கெல்லாம் பெயர் கொத்துவிப்பார்கள் அல்லவா, அந்தக் கரண்டியிலும் கொத்தியிருந்தது. ம. ஞா. தாயாரின் பெயர் மரியஞானம். வெளிக்கிட்ட அன்று சாப்பாட்டுப் பார்சலோடு வைத்துக் கொடுத்தாராம். வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்த சாமான்களில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

சீனிப் பையை அவர் திறக்கிற விதமும் தனி. மூலையில் சின்ன ஓட்டை போடுவார், போத்தலை நிரப்புவார், மூலையை மடித்து நாடா ஒட்டி, பையைப் புதிது போல அலுமாரித் தட்டில் நிமிர்த்தி வைத்துவிடுவார். எறும்புக்காம். நாலாம் மாடியில், டென்மார்க்கில், எறும்பு. நான் ஒருநாள் இங்கே எறும்பைக் கண்டீர்களா என்று கேட்டேன்.

“காணேல்லைத்தான். வந்தாப் பிறகே யோசிக்கிறது?” என்றார்.

பவுலின் கொட்டிலில் சில பின்னேரங்கள் போயின. அவர் சொல்லச் சொல்ல நான் தேய்த்தேன். கல்லில் ஓர் இழுப்பு, துடைப்பு, பூட்டிப் பார்ப்பு, மறுபடி கழற்றல். போதும் என்று அவர் சொன்ன பிறகும் நான் இன்னும் ஒரு இழுப்பு என்றேன். அராவுவதில் ஊறிய கை, நிறுத்தத் தெரியவில்லை. போட்டிக்கு முதல் நாள், சனிக்கிழமை மத்தியானம், எல்லாவற்றையும் பூட்டி, குண்டு போடாத வெறுந்துவக்கின் விசையை அவர் இழுத்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். ஒரு கரகரப்பும் இல்லை. கண்ணைத் திறந்தபோது அவருடைய முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. பன்னிரண்டாவது கரண்டியைக் கண்டுவிட்ட முகம் அது.

கிர்ஸ்டன் கோப்பி கொண்டுவந்தார். கொண்டுவந்தவர், பாரம் பார்த்தீர்களா என்று கேட்டார். போட்டியில் ஒரு விதி இருந்தது. சுடுவதற்கு முன் துவக்கை நிமிர்த்தி விசையில் ஒன்றரைக் கிலோப் பாரத்தைக் கொழுவுவார்கள். விசை அதைத் தாங்க வேண்டும். தாங்காமல் விட்டால் அந்தத் துவக்கு ஆபத்தானது, அதால் சுட முடியாது. அளவுப் பாரம் ஸ்வென்னிடம் இருந்தது. ஸ்வென்னிடம் போய்க் கேட்பதற்குப் பவுல் தயாராக இல்லை. என்னிடம் தராசு இருக்கிறது, உருளைக்கிழங்கை நிறுத்துக் கொழுவிப் பாருங்கள் என்றார் கிர்ஸ்டன்.

எவ்வளவு நல்ல யோசனை, பாருங்கள். அதை நான்தான் கெடுத்தேன். உங்களுடைய தராசு பழசு, கிழங்கு நிறுத்துக்கொண்டெல்லாம் இருக்க முடியாது, கடையில் நிறுத்து அச்சடித்து வருகிற பையைவிடத் திறமான அளவு உண்டா என்று கேட்டேன். ஒரு கிலோச் சீனிப் பை, அரைக் கிலோக் கோப்பிப் பை, கணக்குச் சரி. கிர்ஸ்டனின் சீனி சாடிக்குள் இருந்தது. வாங்கலாம் என்றால் சனிக்கிழமை மத்தியானத்தோடு கடையெல்லாம் பூட்டு, இனித் திங்கள்தான். எங்கள் வீட்டில் இரண்டும் இருக்கிறது என்று சொல்லிச் சைக்கிளில் பறந்தேன். சேவியர் அண்ணை நித்திரை. தட்டில் சீனிப் பை புதிது போல நிமிர்ந்து நின்றது, இருந்த அவசரத்தில் மூலையில் ஒட்டிய நாடா என் கண்ணில் படவில்லை. கோப்பிப் பையோடு அதையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டையும் ஒரு வலைப்பையில் போட்டு விசையில் கொழுவினோம். தாங்கியது. ஆட்டிப் பார்த்தோம். தாங்கியது. பவுல் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். நான் கிர்ஸ்டனைப் பார்த்து, அறிவாளிகள் சிரிக்கும் சிரிப்பொன்றைச் சிரித்தேன்.

ஞாயிறு காலை வெயில். வெட்டவெளியில் மண் அணையும், அதன் முன்னால் அட்டைகளும். மேசையில் ஸ்வென் ஒரு கொக்கியும் இரும்புக் குண்டும் வைத்துக்கொண்டு இருந்தார். பவுலின் முறை வந்தது. வெறுந்துவக்கை நிமிர்த்தி, குண்டைக் கொழுவி, மெதுவாகத் தூக்கினார். டிக் என்று விசை விட்டது. சின்னச் சத்தம்தான். ஸ்வென் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தூக்கினார். டிக். அவர் கெட்ட மனிதர் இல்லை, மூன்றாம் தரமும் தூக்கிப் பார்த்தார். பிறகு துவக்கை ஒரு குழந்தையைக் கொடுப்பது போலப் பவுலிடம் திருப்பிக் கொடுத்துத் தலையை ஆட்டினார். எல்லோரும் கேக்கைப் பார்த்தார்கள். கடைசியில் ஸ்வென் நீட்டிய சங்கத்துத் துவக்கை வாங்கிச் சுட்டார். நாலாவதாக வந்தார். கரண்டி மூன்று பேருக்கு.

பவுலின் காரில் அவருடைய வீட்டுக்குத் திரும்பினோம். வீட்டில் அந்தச் சீனிப் பை இன்னும் குசினி மேசையில் இருந்தது. பவுல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“நீ இதை நிறுத்துப் பார்த்தனியோ?” என்று மட்டும் கேட்டார்.

“பையிலை போட்டிருக்கு,” என்றேன்.

கிர்ஸ்டன் தன்னுடைய பழைய தராசைக் கொண்டுவந்து பையை அதில் வைத்தார். முள் ஒரு கிலோவுக்குப் போகும் வழியில் பாதியைக் கொஞ்சம் தாண்டி நின்றுவிட்டது. மூன்று பேரும் முள்ளைப் பார்த்தோம். பிறகு இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். பையைத் திருப்பினேன். மூலையில், நேர்த்தியாக ஒட்டிய நாடா.

வீட்டுக்கு வந்தபோது சேவியர் அண்ணை தேநீர் கலக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கரண்டியால்தான்.

“அண்ணை, பையிலை இருந்து சீனி எடுத்தனீங்களோ?”

“எடுக்காமல்? தேத்தண்ணியை வெறுமனே குடிக்கிறதே?”

நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். கேட்டு முடிந்ததும் தேநீரைக் கீழே வைத்துவிட்டார். அந்த மனிதன் மனைவிக்குக் கொடுத்த வாக்கைத் தன்னுடைய நாக்கு கெடுத்துவிட்டதே என்று அன்று முழுக்கப் புலம்பினார். அவருடைய மனைவி பிள்ளைகள் அப்போது மன்னாரில். எப்படியும் இங்கே கூப்பிடுவேன் என்று அவரும் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

வெள்ளிக் கல்யாணத்துக்கு முதல் நாள் அயலவர்கள் கூடிப் பவுலின் வாசலில் பச்சைக் கிளைகளால் வளைவு கட்டினார்கள். தோரணம் கட்டுவதில் எங்களுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? நானும் சேவியர் அண்ணையும் போய்க் கட்டினோம். மறுநாள் காலை வாசலில் நின்று எல்லோரும் பாட, புதுப் பெண் மாப்பிள்ளை போல அவர்கள் இருவரும் வெளியே வந்தார்கள். பிறகு உள்ளே கோப்பி. பவுல் பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தார். பதினொன்று. ஒரு பள்ளம். அவர் ஏதோ பகிடி சொல்லத் தொடங்கினார், பகிடி பாதியில் நின்றுவிட்டது.

அப்போது சேவியர் அண்ணை எழுந்து போனார். கோட்டுப் பையிலிருந்து ஒரு பேப்பர்ச் சுருளை எடுத்து விரித்தார். அவருக்கு டேனிஷ் சரியாக வராது, என்னைப் பார்த்துச் சொன்னார்.

“நீ சொல்லு, குற்றவாளியைக் கொண்டந்திருக்கிறன் எண்டு.”

நான் மொழிபெயர்த்து, பையிலிருந்த சீனியைத் தின்ற கரண்டி இதுதான் என்று பவுலின் காதோடு சொன்னேன். பவுல் அந்தப் பித்தளைக் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார். அம்மாவின் பெயர் என்றேன். அவர் அதைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். சேவியர் அண்ணை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு பவுல் சிரிக்கத் தொடங்கினார். போட்டிக்குப் பிறகு நான் கண்ட முதல் சிரிப்பு அது, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். கரண்டியின் காம்பு பள்ளத்துக்கு நீளம். கிர்ஸ்டன்தான் வெல்வெட்டை நெருக்கி, அமத்தி, அதை உள்ளே படுக்க வைத்தார். வீட்டுக்கு வந்து சேவியர் அண்ணை சீனிப் போத்தலுக்குள் ஒரு பிளாஸ்டிக் கரண்டியைப் போட்டார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. அராவுகிற வேலையே வேறு எங்கோ போய்விட்டது. சங்கம் சுட்ட வெளியில் வீடுகள் வந்துவிட்டன. போன வருடம் அந்தப் பக்கம் போனேன், மண் அணை இருந்த இடத்தில் யாரோ துணி காயப் போட்டிருந்தார்கள். பவுலின் துவக்கை அவர் போனபின் பொலிசில் ஒப்படைத்துவிட்டதாகக் கிர்ஸ்டன் சொன்னார். சேவியர் அண்ணை குடும்பத்தைக் கூப்பிட்டு, பிறகு எல்லோருமாக லண்டனுக்குப் போய், அங்கேயே அடக்கமாகிவிட்டார். கடைகள் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கின்றன. எந்த நேரமும் சீனி வாங்கலாம், டொக்டர்தான் விடுகிறார் இல்லை. அது சீனிக் கரண்டி என்று தெரிந்தவன் இப்போது நான் ஒருவன்தான்.

இரவு மெட்டேக்கு எடுத்தேன். எழுத்து எங்களுடையதுதான் என்றேன். ஓர் அம்மாவின் பெயர் என்றேன். அப்படியென்றால் அது அந்த அம்மாவின் பெயரில் நடந்த போட்டியா என்று கேட்டாள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தால் பெட்டிக்குள் மறுபடி பதினொன்றுதான். அந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே ஒருமுறை அளவு குறைத்துக் கொடுத்தவன் நான்.

“ஓம் பிள்ளை,” என்று தமிழில் தொடங்கி, டேனிஷில் சொல்லி முடித்தேன். பன்னிரண்டும் உன் தாத்தா வென்றதுதான்.